மதுரையில் அசேலியா: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கொடைக்கானலில் இருந்து பூவும் மொட்டுமாக இறங்கி வரும் குட்டை அசேலியா, மதுரை மாடிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கெட்டுப்போகிறது. மாடித்தோட்டம் பார்த்துக்கொடுக்கும் வேலையில் இருப்பதால் அந்தத் தொட்டிகள் திரும்பத் திரும்ப என் கைக்கு வருகின்றன. "தண்ணியெல்லாம் ஒழுங்காத்தாண்ணே ஊத்துறேன்" என்பார்கள். ஊற்றுகிறார்கள், உண்மைதான். என்ன தண்ணீர் என்பதில்தான் வில்லங்கம். வெயில் கொன்றுவிட்டது என்று தூக்கிப்போடும் செடிகளில் பலவற்றைக் கொன்றது போர் தண்ணீரும் சிமெண்ட் தொட்டியும்தான்.

உங்கள் செடிக்கு என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன் எல்லாருமே பார்க்க வேண்டியவை மூன்று.

தொட்டி எதனால் ஆனது? சிமெண்ட் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் மாற்றுங்கள். புது சிமெண்டில் இருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். அசேலியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை (பி.எச். 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்). சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரம், அதிலிருந்து மழைத்தண்ணீர் வடியும் இடம், இதெல்லாமும் அதே கணக்குதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? போரா, மாநகராட்சிக் குழாயா, லாரியா?

எந்த மாதம் வாங்கினீர்கள்? மே மாத மலர்க் கண்காட்சிக்குப் போய், பிரையண்ட் பூங்காவைப் பார்த்த ஆசையில் செடி வாங்கி, அக்னி நட்சத்திரத்தில் மதுரைக்குள் இறக்கியிருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், 20 டிகிரியை ஒட்டிய பகலில் இருந்த செடி, மூன்று நான்கு மணி நேரத்தில் 38, 40 டிகிரிக்கு வந்து சேர்கிறது. வாங்குவதானால் அக்டோபரில் மழை பிடித்த பிறகு, தை மாதத்துக்குள் வாங்குங்கள்.

அறிகுறி 1: வந்த ஒரு வாரத்தில் மொட்டும் இலையும் கொட்டுகிறது

இது பயண அதிர்ச்சி. காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தது, வந்ததும் ஹாலில் ஏ.சி. காற்றுக்கு நேராக வைத்தது, அன்றைக்கே பெரிய தொட்டிக்கு மாற்றியது, இந்த மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி பிழைக்கும். நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில், காலை வெளிச்சம் மட்டும் விழும்படி வையுங்கள். கிழக்குப் பார்த்த பால்கனி நல்லது. ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது, தொட்டி மாற்றம் கிடையாது. மொட்டு போனது போனதுதான், அதற்காக மருந்து வாங்காதீர்கள்.

கீறிய இடத்தில் பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே, தண்டின் அடியில் கீறுங்கள். அங்கும் பழுப்பு என்றால் செடி முடிந்தது. இதற்கு யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை.

அறிகுறி 2: இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

மதுரையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நுனியில் வரும் புது இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். முற்றினால் இலை ஏறக்குறைய வெள்ளையாகி ஓரம் கருகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை. மண் காரமாகிவிட்டால் அசேலியாவுக்கு இரும்பு கிடைக்காது.

முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனி இலை என்றால் இதே தலைப்பில் தொடருங்கள். அடி இலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் அது தழைச்சத்துக் குறைவு, இல்லையென்றால் பழைய இலை கழிகிறது. தழைச்சத்துக் குறைவு என்றால் அம்மோனியம் சல்பேட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும்.

செலவில்லாத சோதனை ஒன்று. உங்கள் தெருவில் இட்லிப்பூச் செடி இருக்கிறதா? அதுவும் புளிப்பு மண் கேட்கிற செடி. அதே போர் தண்ணீரில் வளரும் இட்லிப்பூவின் இளம் இலையும் இப்படி மஞ்சளாக இருந்தால் குற்றவாளி தண்ணீர்தான். வேறு சாட்சி வேண்டுமானால் கீசரைப் பாருங்கள், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கிறதல்லவா, அதைத்தான் தினமும் செடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது மண். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் கலந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் நுரைக்கும். நுரைக்கவில்லை என்பதால் மண் புளிப்பு என்று ஆகிவிடாது. பி.எச். தாள் வாங்கி, மழைத்தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ தொட்டியில் ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்துத் தாளை நனையுங்கள். 6-க்குக் கீழே காட்டினால் பயப்பட வேண்டாம். 7, 8 என்று காட்டினால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள், செலவு குறைந்ததில் இருந்து.

அ. சமையலறையில் இருந்து போகும் 'சத்து' எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், எலும்புத்தூள், உமிச்சாம்பல், எல்லாமே மண்ணைக் காரமாக்கும். ரோஜாவுக்குப் போடுவதை இதற்கும் போடும் வழக்கம் இங்கே பெரிய தொல்லை.

ஆ. தண்ணீரை மாற்றுங்கள். மழைத்தண்ணீர் முதல் தரம். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் ஒன்றிரண்டு தொட்டிக்குப் பங்குனி வரை ஓட்டலாம்; முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். அடுத்தது ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, கோடையில் வாளி வாளியாக வீணாகிறது. அதற்கடுத்து ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிதண்ணீர். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத்தண்ணீரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது போர் தண்ணீரைவிட உப்பு கூடியது, இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது. உப்பு போட்டு ஓடும் சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம், அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. மாநகராட்சி வைகைத் தண்ணீர் பெரும்பாலும் போரைவிடத் தேவலை.

இ. வேறு வழியே இல்லை, போர்தான் என்றால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). மளிகைக் கடையில் கிடைப்பதுதான். பத்து லிட்டர் வாளிக்குக் கால் தேக்கரண்டி போட்டுக் கலக்கி, சிறிது நேரம் விட்டுத் தாளில் பாருங்கள். 5.5-க்கும் 6-க்கும் நடுவில் வரும்வரை சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டுங்கள். அளவு ஒவ்வொரு போருக்கும் மாறும், பக்கத்து வீட்டு அளவு உங்களுக்கு ஒத்துவராது. இது காரத்தை மட்டும்தான் குறைக்கும், உப்பைக் குறைக்காது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் ஆயிரத்தைத் தாண்டும் போர் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஈ. இரும்பு கொடுங்கள், ஆனால் தண்ணீரைச் சரிசெய்த பிறகு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி, அதோடு ஒரு கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. பழைய மஞ்சள் இலை முழுதாகப் பச்சையாகாமல் போகலாம். புதிதாக வரும் இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, டைல்ஸ் போட்ட பால்கனி என்றால் சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். வேரில் ஊற்ற வேண்டுமானால் செலேட் இரும்பு. அதிலும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை காரமண்ணில் சீக்கிரம் சக்தியிழக்கும், இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் மலிவானதை வாங்கிக் காரமண்ணில் கொட்டுவதைவிட இது லாபம்.

உ. மண்ணையே மாற்றுவது. ஆவணி முதல் தை வரைக்குள் செய்யுங்கள், கோடையில் வேண்டாம். கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இப்படி இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாத கோகோபீட்டில் உப்பு இருக்கும். அதோடு மக்கிய இலைத்தூளும், கிடைத்தால் கொடைக்கானல் பக்கத்து பைன் ஊசியிலையும் கலக்கலாம். செம்மண் தேவையில்லை. அசேலியா வேர் மயிர்போல மெல்லியது, மேலாகவே படரும். அதனால் தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம். பழைய வேர்ப்பந்தின் மேல்மட்டம் புது மண்ணுக்குச் சமமாகவோ ஒரு விரல் உயரமாகவோ இருக்கட்டும். மண்ணைக் கிளறிக் களையெடுக்கும் வேலையெல்லாம் இதற்குக் கூடாது.

இவ்வளவும் செய்து இரண்டு மாதத்தில் புது இலை பச்சையாக வரவில்லையென்றால் தண்ணீரையும் மண்ணையும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்து வேளாண்மைக் கல்லூரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள். தண்ணீர்ச் சோதனையில் பி.எச்., உப்பு அளவு மட்டும் பார்த்தால் போதாது, மண்ணைக் காரமாக்கும் பைகார்பனேட் எவ்வளவு என்றும் கேளுங்கள். இந்தச் செடிக்கு அதுதான் எமன்.

அறிகுறி 3: செடி வாடித் தொங்குகிறது

மேலும் தண்ணீர் ஊற்றும் முன் தொட்டியைத் தூக்குங்கள்.

தொட்டி லேசாக இருக்கிறது: வேர்ப்பந்து காய்ந்துவிட்டது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. பீட் (மக்கிய பாசி) கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றியது ஓரமாக இறங்கி அடியில் வடிந்துவிடும், தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். தொட்டியோடு ஒரு வாளி நல்ல தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு, எடுத்து வடியவிடுங்கள். சாயங்காலத்துக்குள் இலை நிமிர்ந்தால் சரி.

தொட்டி கனமாக, மண் ஈரமாக இருந்தும் வாடுகிறது: இதுதான் ஆபத்து. செடியைத் தொட்டியில் இருந்து கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும். கறுத்து, கையால் இழுத்தால் தோல் உரிந்து வந்து, மண்ணில் நாற்றமும் இருந்தால் வேரழுகல். வடிதுளை அடைத்திருக்கிறதா, அடித்தட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததா என்று பாருங்கள். அழுகிய வேரை வெட்டி, அதே அளவுக்கு மேல்கிளையையும் குறைத்து, புதுக் கலவையில் சின்னத் தொட்டியில் வைத்து நிழலில் விடுங்கள். பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால் முயன்று பார்க்கலாம். மருந்துக் கடையில் பூஞ்சாணக்கொல்லி என்று கேட்டால் கார்பென்டசிம் எடுத்துக் கொடுப்பார்கள். அசேலியாவை அதிகம் தாக்கும் பைட்டாப்தோரா அழுகலுக்கு அது கேட்காது. மெட்டலாக்சில் வகை மருந்து கேட்கும். ஒரே வரிசையில் பல தொட்டிகள் அழுகினால் நீங்களாக மருந்து ஊற்றாமல், வேரும் மண்ணுமாக ஒரு செடியைப் பையில் போட்டு வேளாண்மைக் கல்லூரியில் பயிர் நோய் பார்ப்பவர்களிடம் காட்டுங்கள்.

மண் அளவான ஈரம், வேரும் நன்றாக இருக்கிறது, மதியம் மட்டும் வாடுகிறது: தொட்டிதான் சுடுகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மொட்டைமாடித் தளத்தில் நேராக வைத்தால் இரண்டு மணிக்கு வேர் வெந்துவிடும். தொட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியவில்லையென்றால் வேர் என்ன பாடுபடும்? செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அப்புறம், பெரிய மண்தொட்டி ஒன்றுக்குள் இந்தத் தொட்டியை இறக்கி, இடைவெளியில் ஈரக் கோகோபீட் அடையுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் நேர்வெயில் படாமல் நிழல்வலை கட்டுங்கள். மதுரையில் இந்த இரட்டைத் தொட்டி செய்யும் உதவியை எந்த உரமும் செய்வதில்லை.

அறிகுறி 4: இலை ஓரமும் நுனியும் கருகுகிறது

வெயில் விழும் பக்கத்து இலையில் மட்டும், நடுவில் திட்டுத்திட்டாகக் கருகல் என்றால் வெயில். செடியை நகர்த்துங்கள். எல்லாப் பக்கமும் சமமாக, நுனியில் தொடங்கி உள்ளே வரும் கருகல் என்றால் உப்பு. மண்தொட்டியின் வெளிப்பக்கமும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். மேல்மண்ணை ஒரு விரற்கடை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு மழைத்தண்ணீரையோ ஏ.சி. தண்ணீரையோ மெல்ல ஊற்றி அடியில் ஓடவிடுங்கள். சாணி எரு, டி.ஏ.பி. போட்டிருந்தால் நிறுத்துங்கள். உப்பு திரும்பத் திரும்பப் பூத்தால் அறிகுறி 2-இல் தண்ணீரைப் பற்றிச் சொன்னதுதான் இதற்கும்.

அறிகுறி 5: இலை மேல் ஊசி குத்தியதுபோல வெளிர்புள்ளி, அடியில் தூசி

வெள்ளைத்தாளை நீட்டி அதன்மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் சிவப்புச் சிலந்திப் பேன். காற்று வறண்டு கிடக்கும் மாதங்களில் மாடியில் இது பெருகும். முதல் மருந்து தண்ணீர்தான்: இலையின் அடிப்பக்கம் படும்படி மூன்று நாளைக்கு ஒருமுறை வேகமாக அடியுங்கள். நிற்கவில்லையென்றால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் அடிக்கலாம். கந்தகத்தூள் கரைசல் மலையில் சரி. மதுரைக் கோடையில் அது இலையைச் சுட்டுவிடும், வேப்பெண்ணெய் அடித்த கையோடு அடித்தால் இன்னும் மோசம்.

பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்து, எறும்பும் ஏறினால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

அறிகுறி 6: செடி நன்றாக இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது

நுனியைப் பாருங்கள்.

மொட்டே இல்லை: கத்தரித்த நேரம் தவறு, அல்லது நிழல் மிஞ்சிவிட்டது, அல்லது தழை உரம் கூடிவிட்டது. அசேலியாவைப் பூ முடிந்த கையோடு கத்தரிக்க வேண்டும். அடுத்த பூவுக்கான மொட்டு நுனியில் கோடையிலேயே உருவாகிவிடும். ஆவணியில் அழகுக்காக வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும்.

மொட்டு இருக்கிறது, மாதக்கணக்கில் தடித்து நிற்கிறது, பிறகு பழுப்பாகிக் காய்கிறது: குளிர் போதவில்லை. இந்த மொட்டு விரிய, பல வாரங்கள் 10 டிகிரியை ஒட்டிய குளிரோ அதற்குக் கீழோ வேண்டும். மதுரையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஐஸ் கட்டி போடுவது, ராத்திரி ஃப்ரிட்ஜில் வைப்பது என்றெல்லாம் கேட்கிறார்கள். செடியை வதைக்க வேண்டாம். கொடைக்கானலில் தெரிந்தவர் இருந்தால் கார்த்திகையில் அனுப்பி, மொட்டு நிறம் காட்டும்போது எடுத்து வரலாம். சிறுமலை அவ்வளவு குளிராது. என்னைக் கேட்டால், கீழே இதை ஒரு பருவத்துக்கான பூச்செடியாக வைத்துக்கொள்வதே நியாயம். வருஷம் முழுக்கப் பூ வேண்டும் என்றால் அடீனியம் வையுங்கள், மதுரை வெயிலுக்கென்றே பிறந்தது அது.

அறிகுறி 7: ஆடோ நாயோ இலையைத் தின்றுவிட்டது

இங்கே சோதனை எதுவும் வேண்டாம். அசேலியாவின் இலை, பூ, தேன் எல்லாமே நஞ்சு. கிரேயனோடாக்சின் என்ற பொருள் இதயத்துடிப்பை மந்தமாக்கும். எச்சில் ஒழுகுவது, வாந்தி, வயிறு உப்புவது, தள்ளாடுவது எல்லாம் சில மணி நேரத்தில் தொடங்கலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அல்லது 1962-ஐ அழையுங்கள். தின்ற இலையில் ஒரு கொத்தைக் கையோடு எடுத்துப்போங்கள். குழந்தை வாயில் போட்டது என்றால் 108, நேரே பெரிய ஆஸ்பத்திரி. கத்தரித்த கிளைகளை ஆடு மேயும் காலிமனையில் கொட்டாதீர்கள்.

அறிகுறி 8: ஆன்லைனில் வாங்கிய விதை முளைக்கவில்லை

படத்தில் பாறைமேல் பாய் விரித்ததுபோல ரோஜா நிறத்தில் பூத்திருக்கும், 'ஆல்பைன் அசேலியா விதை' என்று போட்டிருப்பார்கள். உண்மையான ஆல்பைன் அசேலியா, ஆல்ப்ஸ் மலை உச்சிகளிலும் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்திலும் ஆர்க்டிக் பகுதியிலும் தரையை ஒட்டிச் சில விரற்கடை உயரத்தில் படரும் செடி. ஐரோப்பாவின் சமவெளித் தோட்டங்களிலேயே அதை வளர்ப்பது கடினம். கொடைக்கானல் குளிரே அதற்குப் போதாது, மதுரைச் செல்லூரில் எங்கே முளைக்கும்?

விதையைக் கையில் கொட்டிப் பாருங்கள். அசேலியா இனத்தின் விதை தூசி மாதிரி இருக்கும். கடுகு அளவிலோ உளுந்து அளவிலோ இருந்தால் வேறு எதையோ அனுப்பியிருக்கிறார்கள். பொட்டலத்தைப் படம் எடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தூசி மாதிரியே இருந்தால், ஈரமான கோகோபீட்டின் மேல் தூவி, மண் மூடாமல், கண்ணாடித் தட்டால் மூடி, குளிர்ச்சியான வெளிச்சத்தில் ஆறு வாரம் விடுங்கள். அதற்குள் பச்சை தெரியவில்லையென்றால் அந்தக் கோகோபீட்டை இட்லிப்பூத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.